அரசு மருத்துவமனையில் எம்.ஆர். ஊசி போட்டாயிற்று, தனியாரில் எம்.எம்.ஆர். வேறு போட வேண்டுமா?

வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். 'ஒரு எழுத்துதானே கூட, அதுக்கு எதுக்குத் தனியா காசு' என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்னவர் என் வீட்டுக்காரர்.

அந்த ஒரு எழுத்துதான் பொன்னுக்குவீங்கி (மம்ப்ஸ்). அரசு அட்டவணையில் 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16–24 மாதத்துக்குள் ஒன்று. இரண்டுமே தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். அட்டையில் எல்லாக் கட்டத்திலும் டிக் விழுந்துவிட்டதே என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பையன் யு.கே.ஜி. படிக்கும்போது ஒரு மத்தியானம் தயிர்சாதத்துக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்தேன். ஒரு வாய்தான், காதடியைப் பிடித்துக்கொண்டு அலறினான். புளிப்பு பட்டதும் எச்சில் ஊறும், வீங்கின சுரப்பியில் அது உயிர் போகிற வலி என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். மறுநாள் காலையில் இடது கன்னம் உப்பி, காது மடல் வெளியே தள்ளி நின்றது. ஐந்து நாள் பள்ளிக்கூடம் கிடையாது என்றார்.

தங்கம் போட்டால் வீக்கம் இறங்கும் என்று மாமியார் நாத்தனாரின் மூன்று பவுன் சங்கிலியை வாங்கி மாட்டிவிட்டார். வீக்கம் ஒரு வாரத்தில் தானாக வடிந்தது. கொக்கியை வளைத்துவிட்டோம் என்று இன்றுவரை எனக்குப் பேச்சு. காசு கொடுத்துப் புதுக் கொக்கி மாற்றித்தான் திருப்பிக் கொடுத்தேன், அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சரி, அது வேறு கதை.

பையனுக்கு வீங்கிப் பதினேழாம் நாள் வீட்டுக்காரருக்கு வீங்கியது. வயதுவந்த ஆண்களுக்குச் சிலசமயம் கன்னத்தோடு நிற்காமல் விரையிலும் இறங்கும். இறங்கியது. பத்து நாள் லீவ். ஆபீசில் பல்வலி என்று சொல்லி வைத்திருந்தார்.

உடனே அரசு ஊசியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தட்டம்மைக்கு அதுதான் என் பிள்ளையைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். எம்.எம்.ஆர். போட்டாலும் நூற்றுக்கு நூறு தடுக்காது, அதுவும் தெரியும். எம்.எம்.ஆர். போட்டால் ஆட்டிசம் வரும் என்று ஆரம்பிப்பவர்களுக்கு: அதைக் கிளப்பிய 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது.

எம்.ஆர். போட்ட பிள்ளைக்கும் எம்.எம்.ஆர். போடலாம், தட்டம்மை ஊசி ஒரு தவணை கூடுவதால் கெடுதல் இல்லை. நான் டாக்டர் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் போய் எப்போது போடலாம் என்று கேளுங்கள். சின்னவளுக்கு நாங்கள் அப்படித்தான் போட்டோம்.