வள்ளத்தைப் பிடித்தது பிழையா?

அன்புள்ள ஐயா,

உங்கள் விளையாட்டுக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 42 வயது. கோப்பாயில் இருக்கிறேன், அரச அலுவலகமொன்றில் வேலை. போன மாதம் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் உள்ளூர்க்காரர் சிலர் சேர்ந்து நடத்திய சின்ன ட்ரையத்லனில் கலந்துகொண்டேன். 400 மீற்றர் கடல் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம்.

நான் நீச்சல் பழகியது பெரிய ஆளான பிறகுதான். தடாகத்தில் 400 மீற்றரை நிற்காமல் நீந்துவேன். ஆனால் அன்று இடுப்பளவு தண்ணீர் தாண்டியதும் எல்லாரும் ஒரேயடியாகப் பாய்ந்தார்கள். யாருடைய காலோ என் நீச்சல் கண்ணாடியில் பட்டது. கீழே பார்த்தால் சாதாழையும் கலங்கலும்தான். தடாகத்தில் இருக்கும் கறுப்புக் கோடு இல்லை. மூச்சு எடுக்க எடுக்கப் போதவில்லை. நெஞ்சை யாரோ பிடித்து அமத்தின மாதிரி இருந்தது. பாதுகாப்புக்கு நின்ற வள்ளம் பக்கத்தில் இருந்ததால் அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தவளை நீச்சலும் மல்லாக்க நீச்சலுமாக ஒருமாதிரிக் கரை சேர்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரே ஒரு ஆள்தான்.

சைக்கிளில் ஏறியதும் வேறு ஆளாகிவிட்டேன். பொன்னாலைப் பாலத்தில் மட்டும் பத்துப் பேரையாவது முந்தியிருப்பேன், அதுவும் கியர் இல்லாத, தினமும் வேலைக்குப் போய்வரும் சைக்கிளில். திரும்பி வரும்போது காற்று முகத்தில் அடித்தது. ஓட்டத்தில் முதல் கிலோமீற்றர் முழுக்கக் கால் சொன்னபடி கேட்கவில்லை. ஆனாலும் முடித்தேன். பதக்கத்தை மகள் வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் ஒருவர், "வள்ளத்தைப் பிடிச்ச ஆளுக்கு எப்பிடி மெடல் குடுத்தவங்கள்?" என்று கேட்டாராம். அது மனதைச் சுட்டுவிட்டது. உண்மையிலேயே அது பிழையா? கடல் எனக்குச் சரிவராது என்று சைக்கிளோடு நின்றுவிடவா? மகளுக்கு ஒன்பது வயது, அவளை நீச்சலுக்கு விடலாமா?

வாசகி, கோப்பாய்

அன்புள்ள சகோதரிக்கு,

பிழை இல்லை. உலக ட்ரையத்லன் அமைப்பின் போட்டி விதிகளே இதை அனுமதிக்கின்றன. விரும்பிய முறையில் நீந்தலாம், மிதக்கலாம், மிதவையையோ அசையாமல் நிற்கும் வள்ளத்தையோ பிடித்து இளைப்பாறலாம். அதைப் பிடித்தபடி முன்னால் நகரக்கூடாது, அவ்வளவுதான். நீங்கள் நகரவில்லை. மெடலைப் பற்றிக் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்தப் போட்டியில் நீச்சல் எப்போதும் பயத்தோடு பார்க்கப்பட வேண்டிய பகுதி. 1974இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்த முதல் ட்ரையத்லனில் ஓட்டம், சைக்கிள் எல்லாம் முடிந்த பிறகே நீச்சல் வந்தது. இன்று பெரும்பாலும் நீச்சல்தான் முதலில், ஏனென்றால் களைத்துப்போன ஆளைத் தண்ணீரில் இறக்குவது ஆபத்து. அப்படி இருந்தும் இந்தப் போட்டிகளில் நேர்ந்த உயிரிழப்புகளில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்ந்திருக்கின்றன. மூச்சு முட்டியதும் வள்ளத்தைத் தேடியதுதான் அன்று நீங்கள் செய்த மிகச் சரியான காரியம். நான்கு பேர் பார்க்கிறார்களே என்று கூச்சப்பட்டுத் தொடர்ந்து நீந்தாததற்கு உங்களைப் பாராட்டுகிறேன்.

மூச்சு எடுக்க எடுக்கப் போதவில்லை என்கிறீர்கள். நீங்கள் மூச்சை விடவில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது. பயந்துபோன ஆள் காற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வார், உடம்பின் இயல்பு அது. மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவது பெரும்பாலும் வெளியேறாமல் தேங்கிவிட்ட காபனீரொட்சைட்டுத்தான்; ஒட்சிசன் அவ்வளவு சீக்கிரம் குறைந்துவிடாது. நிறைந்த குடத்தில் மேலும் மேலும் ஊற்றப் பார்த்திருக்கிறீர்கள். தடாகத்தில் இந்தப் பிழை வெளியே தெரியாது. அங்கே சுவர் இருக்கிறது, கோடு இருக்கிறது, கால் நிலத்தில் படும், மனம் அமைதியாக இருக்கும்.

பெரியவர்களுக்கு நீச்சல் பழக்கும்போது கை, கால் பற்றிப் பேசுவதற்கு முன்னமே நான் செய்விப்பது ஒன்று உண்டு. இடுப்பளவு கடலில் நின்று, குனிந்து, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொல்வேன். மூக்கால் குமிழி குமிழியாக வரும். சத்தம் நின்றால் காற்று முடிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், காற்று தானாக உள்ளே வரும், இழுக்கவே தேவையில்லை. தொடக்கத்தில் அந்த 'ம்' விக்கி விக்கித்தான் வரும்; தொண்டை இறுகியிருப்பது பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்கும். திரும்பத் திரும்பச் செய்ய அது நீளும், குமிழிகள் சீராகும், காதுவரை ஏறி நின்ற தோள்கள் கீழே இறங்கும். அந்தத் தோள் இறங்கும் வரை நான் யாரையும் நீந்த விடுவதில்லை. கசூரினாக் கரை அதற்கு அருமையான இடம், கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். அடுத்த போட்டியில் பாயும் கூட்டத்தை முன்னால் போகவிட்டு, ஓரமாக நின்று, ஒரு 'ம்ம்ம்' இழுத்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே கோடு தேட வேண்டாம். ஆறேழு கை வீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து மிதவையைப் பாருங்கள், திரும்பும்போது கரையில் நிற்கும் சவுக்கு மரங்களைப் பாருங்கள்.

ஆனால் உங்கள் பயத்தை மூச்சோடு மட்டும் முடித்துவிட எனக்கு மனமில்லை. 42 வயது என்றால் 1990இல் நீங்கள் சின்னப்பிள்ளை. அந்த ஆண்டில் போரோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காத பொருளாகிப்போனது. வாத்தியார், டொக்டர், புதுமணத் தம்பதி என்று எல்லாரும் சைக்கிளில்தான். மின்சாரம் இல்லாத இரவுகளில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டோம். அதே காலத்தில்தான் கடல் எங்களுக்கு மூடப்பட்டது. வலிகாமம் வடக்கின் கரையோரம் உயர் பாதுகாப்பு வலயமானது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பி வந்ததே 2017இல்தான். தொழிலுக்குப் போகிறவர்களுக்கே கட்டுப்பாடு, பாஸ் என்று இருந்தது. கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்களில் எத்தனையோ பேர் கரை சேரவில்லை. 'கடற்கரைப் பக்கம் போகாதே' என்று அன்றைக்கு ஒரு அம்மா சொன்னால் அதில் முழு நியாயம் இருந்தது. பிறகு 2004இல் சுனாமியும் வந்தது.

சைக்கிளைப் பழகி, கடலைப் பழகாமல் ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் இத்தனை வருடம் கழித்துப் பொன்னாலைப் பாலத்தில் பத்துப் பேரை முந்துகிறாள், கசூரினாவில் வள்ளத்தைப் பிடிக்கிறாள். உங்கள் போட்டிக் கதையை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். 'கடல் எனக்குச் சரிவராது' என்று எழுதும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். கடல் உங்களுக்குத் தரப்படவே இல்லை.

1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை இந்தியக் கரைவரை நீந்திப் போய், நீந்தியே திரும்பினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டார். விளையாட்டு விழாக்களில் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கைதட்டுகிறோம். தட்டவும் வேண்டும். ஆனால் கடல் இரையும் சத்தம் வகுப்பறைக்குக் கேட்கிற பள்ளிக்கூடங்களில் நீச்சல் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று அதே மேடையில் கேட்டால் பதில் வராது. எனக்கு இதில் கோபம் உண்டு. கிணற்றிலும் குளத்திலும் கடலிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு அஞ்சலிப் பதாகை கட்டுகிறோம், அடுத்த கிழமை மறந்துவிடுகிறோம்.

பெண்பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். கீரிமலையில் பெண்களுக்கென்று மதில் கட்டிய தனிக் கேணி இருக்கிறது. அங்கே முழுகி எழும்பலாம். அதற்கு மேல் பழக வேண்டுமென்றால் ஒரு பெண் பயிற்றுநர் வேண்டும், உடை மாற்ற ஒரு மறைவான அறை வேண்டும், கரையில் நின்று முழுசிப் பார்க்காத சனம் வேண்டும். இவை கோடிக்கணக்கில் காசு கேட்கும் காரியங்கள் அல்ல. போட்டி நடத்துகிறவர்கள் பதக்கத்துக்கும் ரீசேர்ட்டுக்கும் செலவழிக்கிற காசில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்று அவர்களிடம் நேரிலும் சொல்லப்போகிறேன்.

சரி, சைக்கிளுக்கு வருவோம். உங்களுக்கு நான் சொல்ல அங்கே அதிகம் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காலத்தில் காரைநகரிலிருந்து பொன்னாலைக்குப் போகும்போது காற்று முதுகில் தள்ளும், திரும்பும்போதுதான் கணக்குத் தீர்க்கும். போகும்போது கொஞ்சம் அடக்கி மிதித்தால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சும். சைக்கிளால் இறங்கியதும் கால் சொன்னபடி கேட்காதது எல்லாருக்கும் வருவதுதான். ஒரு மணித்தியாலமாக வட்டமாகச் சுழன்ற தசைகளுக்கு ஓட்டத்தின் அசைவு பிடிபடக் கொஞ்ச நேரம் எடுக்கும். கிழமையில் ஒரு நாள், வேலையால் சைக்கிளில் வந்து இறங்கிய கையோடு சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் பத்து நிமிடம் ஓடுங்கள். அப்புறம், சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு போத்தல் நல்ல தண்ணீர் வையுங்கள், காலில் ஒட்டிய மணலைக் கழுவ. அந்த மணலோடு சப்பாத்தைப் போட்டு ஓடினால் 5 கிலோமீற்றருக்குள் குதிக்கால் தோல் உரிந்துவிடும். இன்னொன்று, ஹெல்மெட் வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளை நிறுத்துமிடத்திலிருந்து எடுக்க வேண்டும். மாறிச் செய்தால் தண்டனை உண்டு, அதற்கு வள்ளம் போல விதிவிலக்குக் கிடையாது.

மகளை விடலாமா என்று கேட்டீர்கள். விடுங்கள், இந்த மாதமே. இரண்டு பேரும் ஒன்றாகப் பழகினால் இன்னும் நல்லது. ஆனால் யாரும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கூட, தனியே கடலில் இறங்கக் கூடாது. இறங்கும் முன் அங்கே தொழில் செய்கிறவர்களிடம் சொறி (ஜெலிமீன்) வந்திருக்கிறதா, நீரோட்டம் எப்படி என்று ஒரு வார்த்தை கேளுங்கள், வடிவாகச் சொல்வார்கள். ஐப்பசியோடு வடகரை குழம்பத் தொடங்கும். வாடைக் காற்று கிளம்பிவிட்டால் கடலை விட்டுத் தடாகத்தில் பழகுங்கள், தை கழிந்து திரும்ப வரலாம்.

அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் ஒரு டொக்டரிடம் போய்ப் பிரஷரும் ஈசிஜியும் பார்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அமத்தினது பயத்தால்தான் என்பது என் எண்ணம். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர் டொக்டர், நான் இல்லை.

அன்புடன்.