தாழ்த்திய போலோவும் முன் டயரின் வெளி ஓரமும்

வணக்கம் ஐயா. உங்கள் ஃபோக்ஸ்வாகன் போலோ காரை 40 மி.மீ. தாழ்த்திய பிறகு, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தின் வளைவுகளில் முன்பக்கம் வெளியே தள்ளுவதாகவும், முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்வதாகவும் எழுதியிருந்தீர்கள். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) அமைப்புள்ள வண்டியை அவ்வளவு இறக்கினால், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம்களின் சக்கரப்பக்க முனை மேல்நோக்கிச் சாய்ந்து, ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடைமையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடுவதால், ஸ்பிரிங் கடினமாக இருந்தும் சாய்வு நீங்கள் எதிர்பார்த்த அளவு குறையாது. சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள தடுப்பான பம்ப் ஸ்டாப்பும் சீக்கிரமே முட்டும்.

ஆகவே முதலில் 20 மி.மீ. உயர்த்துங்கள். பிறகு சக்கரத்தின் சாய்வான கேம்பரை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் பொருத்தி, முன் கேம்பரை மைனஸ் 2 பாகை அளவில் (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு) வைத்து, டோவை, அதாவது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை, பூஜ்யமாக்குங்கள். அன்றாடச் சாலையில் டயரின் உள் ஓரத்தைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, தவறான டோதான். களமிறங்குமுன் டயரின் தோளில் சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். திரும்பிவரும்போது கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்றழுத்தம் போதவில்லை. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரைக் கடைசியில் தொட்டால் போதும்.