2147483647 பகா எண் என்பதைக் கணினி இல்லாமல் எப்படிக் கண்டார்கள்?

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "2147483647-ஐ எல்லா எண்களாலும் வகுத்தா பார்த்தார்கள்?"

இல்லை தம்பி. வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை பார்த்தால் போதும். அதிலும் பெரும்பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. ஆச்சி சுளகில் உளுந்து புடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றாகப் பொறுக்காமலே தூசி பறந்துவிடும். இங்கும் அதேதான் நடக்கிறது.

இந்த எண், 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது; மெர்சென் எண் வகை. முதலில் சிறியதொன்றில் பழகுவோம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டு காரணிகளிலும் ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 22, 88. இரண்டும் 22-இன் மடங்குகள்! தற்செயல் அல்ல; பெர்மா என்ற கணிதவியலாளரின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது. 8-ஆல் வகுத்தால் 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1. இந்த இரண்டு மீதிகளைத் தவிர வேறு வராது.

22 என்பது 11-இன் இரு மடங்கு; நம் எண்ணுக்கு 31-இன் இரு மடங்கான 62. இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால் காரணி 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டியதாகத்தான் இருக்க முடியும். 46340-க்குள் அப்படிப்பட்டவை வெறும் 373. அவற்றிலும் பகா எண்களைச் சோதித்தால் போதும். 1772-இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்த வழியில்தான் முடிவு கண்டார். எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பேனாவை எடுத்து, அவற்றில் முதல் பகா எண்ணான 311-இல் தொடங்குங்கள். மீதி வரும்.