10 குதிரைத்திறன் சோலார் பம்புசெட்டுக்கு மானியம் ஏன் குறைகிறது?

மத்திய, மாநில அரசுகளின் மானியம் சேர்ந்து மொத்த விலையில் 60 சதவீதம் கழியும் என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், அதில்தான் பிசகு இருக்கிறது. 10 குதிரைத்திறன் பம்புசெட்டை நிறுவத் தடையில்லை என்றாலும், விவசாயிகளுக்கான சூரியசக்தித் திட்டமான பிஎம் குசும் திட்டத்தின் 'பி' பிரிவில் (மின்கட்டமைப்போடு இணையாத தனி சோலார் பம்புகளுக்கானது) மத்திய அரசின் 30 சதவீத உதவி, பொதுவாக 7.5 குதிரைத்திறனுக்கு உரிய தொகையோடு நின்றுவிடும்.

அதுவும் மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் நிர்ணயித்த அடிப்படை விலை, ஒப்பந்தப்புள்ளி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதன்மீதே கணக்கிடப்படுவதால், விற்பனையாளர் தந்த விலைப்பட்டியலை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அனுமதிக் கடிதத்தில் எந்தத் திறனுக்கு எந்த விலை குறிக்கப்பட்டுள்ளது என்று பாருங்கள். பலர் அதைப் படிக்காமலேயே கோப்பில் வைத்துவிடுகிறார்கள்.

வடகிழக்கு, மலை மாநிலங்களுக்கு விதி வேறு. மாநில அரசின் பங்கும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், உங்கள் பங்குத்தொகையை எழுத்துமூலம் உறுதிசெய்துகொண்ட பிறகே பணம் செலுத்துங்கள். இத்திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்களும் உண்டு.