வெப்ராளக்காரி சொல்கிறேன்

'ஆளுமைச் சோதனையில் என் மனைவிக்கு நியூரோட்டிசிசம் அதிகம் என்று வந்திருக்கிறது. இது மனநோயா, மாறுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். சோதனையை எழுதச் சொன்னது நீங்களாகத்தான் இருக்கும்.

நோயல்ல. உளவியலாளர்கள் ஆளுமையை அளக்கும் ஐம்பெரும் பண்புகளில் ஒன்று. உயரத்தைப்போல ஆளுக்கு ஆள் கூடக்குறைய இருப்பது. கவலை, எரிச்சல், கூச்சம் எல்லாம் சட்டென்று மூண்டு, மெதுவாக அடங்கும். நோயின் பெயர்போல ஒலிக்கும் பெயர்தான் கெடுக்கிறது. நியூரோசிஸ் என்ற நோய்ப் பிரிவை அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980-லேயே தங்கள் கையேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தப் பண்பு மிகுந்தவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பதும் உண்மை; நான் மறைக்கவில்லை. மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் மரபுவழி என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. வயது ஏறும்போது பலருக்குக் கொஞ்சம் தணியும்.

எனக்குத் தணியவில்லை. குமரி மாவட்டத்துத் திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் என் பெயரே வெப்ராளக்காரி, அதாவது பதற்றக்காரி. இரவு மழை பெய்தால் மூன்று மணிக்கே எழுந்து, கொடியில் காயும் ரப்பர் ஷீட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தென்புற அறையை ஒட்டி ஓர் அயினி மரம் நின்றது. காற்று வீசினால் அந்த அறையில் படுத்திருக்கும் அம்மாவை எழுப்பி முன்னறைக்குக் கூட்டிவருவேன். "உறங்க விடு பிள்ளே" என்று திட்டிக்கொண்டே வருவாள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்றும் திட்டிக்கொண்டேதான் வந்தாள். விடிந்த பிறகு அயினி வேரோடு சாய்ந்தது. ஓடு, கூரை தாங்கும் கழுக்கோல் எல்லாம் அம்மாவின் கட்டில்மேல் கிடந்தன. தலையணையில் ஈர மண்.

கவலைப்படுகிறவர்களுக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று நான் சொன்னதாகக் கிளம்பிவிடாதீர்கள். அதற்கு முன் நாற்பது ஐம்பது முறையாவது அம்மாவை வீணாக எழுப்பியிருக்கிறேன். அவளுடைய முழங்கால் வலியில் எனக்கும் பங்குண்டு. பிறகு ஓர் உளவியல் ஆலோசகரிடம் ஆறு மாதம் போனேன். இப்போதும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. ஆனால் ஷீட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்து படுத்துவிடுகிறேன். மாற்றம் அவ்வளவுதான், அதுவும் சின்னதல்ல.

மனைவியிடம் "உனக்கு அதிகம்" என்று அந்தத் தாளை நீட்டாதீர்கள். என் அண்ணன் என்னை அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்தான். விழுந்த அயினியைத் தடியாக அறுத்து விற்றதும் அவன்தான். அயினித்தடி என்ன விலை போகும் என்று தச்சர்களைக் கேட்டால் சொல்வார்கள். கூரை மாற்றிய செலவு என்னுடையது. பங்கு கேட்டதற்கு, "உனக்கு எல்லாவற்றுக்கும் வெப்ராளம்" என்றான்.