ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரின் பெரிய சூரியக் கடிகாரம் ஏன் என் கைபேசியை விட 41 நிமிடம் பின்னால் ஓடுகிறது? அதைக் கட்டிய மன்னர் ஜெய்சிங்கின் கணக்குத் தப்பா?

பிப்ரவரி 11 காலை, சாம்ராட் யந்திரம் என்ற அந்தப் பெரிய கடிகாரத்தில் நிழல் 10:20-இல் இருந்தது, கைபேசி 11:01 காட்டியது, பக்கத்தில் வழிகாட்டி "2 நொடி துல்லியம்" என்றார், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடிகாரம் சரியாகத்தான் ஓடுகிறது. அந்த 2 நொடிப் பேச்சில்தான் கொஞ்சம் காற்றடித்திருக்கிறார்கள்.

முதலில் 41 நிமிடத்தைப் பிரித்துவிடலாம். நம் இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது, அதுவும் 1906-இல் வந்தது. ஜெய்ப்பூர் சுமார் 75.82 பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 6.68 பாகை. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் 26 நிமிடம் 43 நொடி. இது வருடம் முழுக்க மாறாது.

மீதி 14 நிமிடம் சூரியனின் வேலை. பூமியின் பாதை சரியான வட்டம் இல்லை, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் ஓர் உச்சிப் பொழுதுக்கும் அடுத்த உச்சிப் பொழுதுக்கும் இடையே எப்போதும் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. சில நொடிகள் கூடும், குறையும், அது நாள்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். பிப்ரவரி 11 வாக்கில் நிழல் 14 நிமிடத்துக்குச் சற்று மேலாகப் பின்தங்கும். நவம்பர் 3 வாக்கில் 16 நிமிடத்துக்கு மேல் முந்தும். ஆகவே நீங்கள் பிப்ரவரியில் பார்த்த 41 நிமிடம், நவம்பர் தொடக்கத்தில் வெறும் 10 நிமிடமாக இருந்திருக்கும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 வாக்கில் இந்தத் திருத்தம் பூஜ்யம். அன்றைக்கு 27 நிமிடம் மட்டும் கூட்டினால் போதும்.

இப்போது கல்லுக்கு வருவோம். எல்லாரும் அதன் உயரத்தைச் சொல்வார்கள், 27 மீட்டர் என்று. நேரம் பார்க்க அது முக்கியமில்லை. நடுவில் நிற்கும் முக்கோணச் சுவரின் சாய்ந்த விளிம்பு, தரையோடு ஏறக்குறைய 27 பாகைக் கோணத்தில் வானின் வட துருவத்தை நோக்குகிறது. அது ஜெய்ப்பூரின் அட்சரேகை. நிழல் விழுவதற்காக இரு பக்கமும் விரியும் கால்வட்டங்கள் பூமியின் நடுக்கோட்டுக்கு இணையான தளத்தில் கிடக்கின்றன. இந்த அமைப்பால்தான் கோடையோ குளிரோ, நிழல் ஒரு மணிக்கு ஒரே தூரம் நகர்கிறது. முற்றத்தில் குச்சி நட்டால் இது நடக்காது. இதே வரைபடத்தை அப்படியே எடுத்துப்போய் டெல்லியில் கட்டினாலும் நேரம் தப்பாகும், அங்கே சுவர் சுமார் 28.6 பாகையில் சாய வேண்டும்.

கால்வட்டத்தின் ஆரம் சுமார் 15 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு மணிக்கு நிழல் கிட்டத்தட்ட 4 மீட்டர் போகும், நிமிடத்துக்கு ஆறரை சென்டிமீட்டர், நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கண் முன்னால் நகர்வது தெரியும். ஜெய்சிங் காலத்தில் கணக்கு மணியில் இல்லை, கடி, பல என்ற அளவில். கடி என்பது நம் நாழிகைதான், 24 நிமிடம். பல என்பது நம் பழைய விநாடி, அதாவது 24 நொடி. காலையில் நிழல் மேற்குக் கால்வட்டத்தின் உச்சியிலிருந்து இறங்கும், நண்பகலில் அடியைத் தொடும், பிறகு கிழக்கில் ஏறும்.

சிக்கல் இங்கேதான். சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமுள்ள தட்டு. 15 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் கத்தி வெட்டு மாதிரி இருக்காது. ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கருமையிலிருந்து வெளிச்சத்துக்கு மெல்லக் கரையும். நேரத்தில் சொன்னால் 2 நிமிட மங்கல். சரியான நேரம் அதன் நடுவில் இருக்கிறது; கண்ணோ கருப்பு முடியும் இடத்தையோ வெளிச்சம் தொடங்கும் இடத்தையோ பிடித்துக்கொள்ளும். ஒரு நிமிடம் வரை தவறு வந்துவிடும். இன்னும் பெரிதாகக் கட்டினாலும் பயனில்லை, கோடுகள் எவ்வளவு விரிகின்றனவோ மங்கலும் அவ்வளவு விரியும்.

இதற்கு ஒரு கைவேலை உண்டு. மெல்லிய நூலை இழுத்துப் பிடித்து, நிழலின் ஓரத்துக்கு இணையாக, கால்வட்டத்தின் பளிங்குப் பரப்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வையுங்கள். வெளிச்சப் பக்கத்தில் நூலின் நிழல் தெளிவாகத் தெரியும். மெல்ல இருட்டுப் பக்கம் நகர்த்தினால் ஓரிடத்தில் அது மங்கலில் கரைந்துபோகும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே அடையாளத்தையே பிடித்தால், தெளிவான வானில் சில நொடிகளுக்குள் வரலாம். பனிமூட்டக் காலையில் நூலும் உதவாது.

இந்தக் குறை ஜெய்சிங்குக்குத் தெரியாததல்ல. கால்வட்டங்களைத் தாங்கும் கட்டடத்துக்குள் சஷ்டாம்ச யந்திரம் என்று ஓர் இருட்டறை இருக்கிறது. கூரையருகே சிறு துளை, உள்ளே 60 பாகை வளைவு. நண்பகலில் சூரியனின் முழு உருவம் வட்டமாக அந்த வளைவில் விழும். வட்டத்துக்கு நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பது மங்கலான ஓரத்தைப் பிடிப்பதை விட எளிது. என்னைக் கேட்டால் அந்த வளாகத்தின் கெட்டிக்காரக் கருவி இதுதான், ஆனால் அண்ணாந்து பார்க்க ஒன்றுமில்லாததால் கூட்டம் கடந்து போய்விடுகிறது.

ஏன் இவ்வளவு பெரிய கல் என்றால், பித்தளைக் கருவிகளில் அவர் பட்ட பாடு. அச்சு தேய்கிறது, மையம் நகர்கிறது, சட்டம் ஆடுகிறது, சிறியதாக இருப்பதால் கலைகளை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) குறிக்க இடமில்லை. முகலாயப் பேரரசர் முகமது ஷா பெயரில் அவர் வெளியிட்ட வான்கணித அட்டவணையின் முன்னுரையே இதைச் சொல்கிறது. 1688-இல் பிறந்து 11 வயதில், ஜெய்ப்பூருக்குப் பக்கத்திலுள்ள ஆமேரில் அரியணை ஏறியவர். 'சவாய்' என்றால் ஒன்றேகால், ஔரங்கசீப் கொடுத்த பட்டம். ஆக்ரா, மாளவ மாகாணங்களின் ஆளுநராகவும் இருந்தார். மதுராவிலும் உஜ்ஜயினியிலும் ஆய்வகம் கட்ட அந்தப் பதவி கைகொடுத்தது. போர்ச்சுகலுக்கு ஆள் அனுப்பி, பிரெஞ்சு வானியலாளர் லா ஹிர் கணித்த அட்டவணையை வரவழைத்து, சந்திரனின் இடத்தில் அரைப் பாகை பிசகு என்று குறை கண்டதும் இவர்தான். அதே மூச்சில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அவருடைய நட்சத்திரப் பட்டியல் பெரும்பாலும் சமர்கண்டை ஆண்ட வானியலாளர் உலுக் பேக்கின் பழைய பட்டியலோடு, இடைப்பட்ட கால நகர்வுக்காக 4 பாகை 8 கலை கூட்டியதுதான். அத்தனை கல்லுக்கும் அது சப்பென்ற விளைச்சல்.

1743-இல் அவர் இறந்ததும் மூத்த மகன் ஈஸ்வரி சிங்கும், உதய்ப்பூர் இளவரசி பெற்ற மகன் மாதோ சிங்கும் பட்டத்துக்கு மோதிக்கொண்டார்கள். அந்த இளவரசிக்குப் பிறக்கும் மகனுக்கே அரசு என்று 1708-இல் ஜெய்சிங்கே ஒப்புக்கொண்ட திருமண நிபந்தனை வினையானது. வானத்தைப் பார்க்க யாருக்கு நேரம்? இப்போது நீங்கள் பார்க்கும் வடிவம் பெரிதும் 1901-இல் காரெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செய்த பழுதுபார்ப்பு. கருவிகளின் பழைய கணக்கைப் புரிந்துகொள்ள அவருக்குத் துணை நின்ற இளைஞர் சந்திரதர் சர்மா குலேரி, பின்னாளில் ஹிந்திச் சிறுகதையில் பெயர் பெற்றவர்.

மறுபடி பிப்ரவரியில் போனால் கைபேசியில் 12:35-க்கே பெரிய யந்திரத்தின் அடிப்பக்கம் போய் நில்லுங்கள். 12:41 வாக்கில் நிழல் மேற்கை விட்டுக் கிழக்குக்குத் தாவும். இருட்டறையைத் திறந்து காட்டச் சொல்லியும் அந்த நேரத்தில் கேட்டுப் பாருங்கள், சூரியன் உள்ளே வருவது அப்போது மட்டும்தான்.