வாசகர் கேள்வி: பாலஸ்தீன இளைஞர்களும் கைப்பேசியும்

கேள்வி: பாலஸ்தீன இளைஞர்கள் சமூக ஊடகத்தில் குரல் கொடுப்பது இஸ்ரேலை எதிர்த்து மட்டும்தானா? (விருதுநகர் வாசகர்)

இல்லை. 2011 மார்ச் 15 அன்று மேற்குக் கரை நகரமான ரமல்லாவின் மனாரா சதுக்கத்திலும் காஸாவிலும் ஒரே நேரத்தில் இளைஞர்கள் திரண்டார்கள். ஆள் சேர்த்தது ஃபேஸ்புக். கோரிக்கை ஒன்றுதான்: மேற்குக் கரையில் அதிகாரம் செலுத்திய ஃபத்தாவும் காஸாவை ஆண்ட ஹமாஸும் தங்கள் பிளவை முடித்துக்கொள்ள வேண்டும். மே மாதம் கெய்ரோவில் ஒப்பந்தம் கையெழுத்தானது, காகிதத்தோடு சரி. 2019 மார்ச்சில் விலைவாசியையும் வரியையும் கண்டித்துக் காஸாவில் கிளம்பியது 'பித்னா நயீஷ்', அதாவது 'நாங்க வாழணும்'. ஹமாஸ் காவல்துறை அடித்துக் கலைத்தது. கடைசியாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2006-இல். 2021 மே 22-க்கு அறிவித்த தேர்தலும் கைவிடப்பட்டது. ஓட்டுப்பெட்டி இல்லாத இடத்தில் கைப்பேசிக்கு இவ்வளவு வேலை வந்ததில் வியப்பில்லை.

கேள்வி: 2021-இல் ஷேக் ஜர்ரா பதிவுகள் மறைந்தது சதியா, கோளாறா? (மேலப்பாளையம் வாசகர்)

கிழக்கு எருசலேமின் ஷேக் ஜர்ராவில் பாலஸ்தீனக் குடும்பங்களை வீடுகளைக் காலி செய்ய இஸ்ரேலிய நீதிமன்றங்கள் சொன்னபோது, அங்கே வளர்ந்த இரட்டையர் முனா, முகமது அல்-குர்த் இருவரும் நடப்பதை அப்படியே படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போட்டார்கள். மே தொடக்கத்தில் பலருடைய ஸ்டோரிகள் காணாமல் போயின. உலகம் முழுக்க வந்த தொழில்நுட்பப் பிழை என்றது இன்ஸ்டாகிராம். 'அல்-அக்ஸா' ஹேஷ்டேக் முடங்கிய கதை வேறு: மசூதியின் பெயர், தடைப் பட்டியலிலிருந்த ஆயுதக் குழுவின் பெயரிலும் இருந்தது. வடிகட்டிக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது.

இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே கேட்டு வாங்கிய 2022 ஆய்வறிக்கை இதைவிட முக்கியமானது. அரபுப் பதிவுகளுக்கு அளவுக்கு மீறிக் கத்தரி விழுந்தது. ஹீப்ருவில் பகைப் பேச்சைப் பிடிக்கும் கருவியே அப்போது இல்லை. உள்நோக்கம் இல்லை, விளைவு மட்டும் பாரபட்சம் என்றது அறிக்கை. அடி வாங்கியவருக்கு இந்த வேறுபாடு எதற்கு? 'ஷஹீத்' (தியாகி) என்ற சொல்லையே பாருங்கள். குண்டுவீச்சில் இறந்த குழந்தையையும் அரபியில் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்லுக்காகவே பதிவுகள் நீக்கப்பட்டன. ஒட்டுமொத்தத் தடை கூடாதென மெட்டாவின் முடிவுகளைப் பரிசீலிக்கும் மேற்பார்வை வாரியம் சொல்ல 2024 ஆனது.

இளைஞர்கள் கண்ட மாற்றுவழி, புள்ளி இல்லாமல் எழுதுவது. அரபியில் பா, தா, ஸா மூன்றும் சொல்லின் நடுவே ஒரே வடிவம்தான். கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதே வித்தியாசம். புள்ளியை எடுத்தால் மனிதர் இடம்பார்த்துப் படித்துவிடுவார், இயந்திரம் தடுமாறும். மெய்க்குப் புள்ளி வைக்காத ஓலைச்சுவடியைப் படித்த தமிழருக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு நட்டம் உண்டு: அந்தப் பதிவு தேடலிலும் சிக்காது. பார்வையற்றோருக்கு உரக்கப் படித்துக்காட்டும் செயலியும் குழம்பும்.

கேள்வி: இணையம் துண்டித்த காஸாவுக்கு இ-சிம் அனுப்பினார்களாமே, எப்படி? (வேலூர் வாசகர்)

2023 அக்டோபர் 27 இரவு காஸாவில் தொலைபேசியும் இணையமும் அறுந்தன. எகிப்திய எழுத்தாளர் மிர்னா எல் ஹெல்பாவி தொடங்கிய முயற்சியில், வெளியே இருப்பவர் ரோமிங் இ-சிம் (அட்டை இல்லாமல் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் சிம்) வாங்கி க்யூஆர் குறியீட்டை அனுப்பினார். அங்கிருப்பவர் அதை ஸ்கேன் செய்து, டேட்டா ரோமிங்கைத் திறந்து, இஸ்ரேலிய அல்லது எகிப்திய கோபுரத்தைப் பிடிக்க மொட்டைமாடி ஏற வேண்டும்.

சிக்கல்கள் நிறைய. இ-சிம்மை இறக்கவே இணையம் வேண்டும். ஆகவே ஏற்கெனவே இணைப்பு கிடைத்த ஒருவரின் ஹாட்ஸ்பாட் தேவை. பழைய கைப்பேசிகளில் இ-சிம் வசதியே இல்லை. குறியீடு வந்த திரையை அதே கைப்பேசியால் படம் பிடிக்க முடியாததால், பலர் எழுத்தும் எண்ணுமான நீண்ட வரியைக் கையால் தட்ட வேண்டியிருக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் ஏறாது. பெரும்பாலும் ஒரு குறியீடு ஒரு கைப்பேசிக்குத்தான்.

கேள்வி: ஒரு பதிவுக்காகச் சிறையா? (தஞ்சை வாசகர்)

ஆம், இஸ்ரேல், ஹமாஸ், மேற்குக் கரையின் சில பகுதிகளை நிர்வகிக்கும் பாலஸ்தீன அதிகாரசபை என மூன்று பக்கமும். கவிஞர் தாரீன் தாத்தூர் ஃபேஸ்புக் கவிதைக்காக 2015-இல் இஸ்ரேலில் கைதாகி, 2018-இல் ஐந்து மாதத் தண்டனை பெற்றார். கவிதைக்கான குற்றத்தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறகு ரத்து செய்தது. ஹமாஸின் கைதுகளும் தெரிந்தவையே. பாலஸ்தீன அதிகாரசபை 2017-இல் மின்குற்றச் சட்டம் கொண்டுவந்தது. 2019-இல் ரமல்லா நீதிமன்றம் 59 தளங்களை முடக்கியது. ஃபேஸ்புக்கில் அதிகாரசபையைச் சாடிய நிசார் பனாத் 2021 ஜூன் 24 அன்று அதன் காவலில் இறந்தார். நீதி கேட்டுக் கூடியவர்களிடம் சாதாரண உடையில் வந்தவர்கள் கைப்பேசிகளைப் பறித்தார்கள். போராட்டத்துக்குப் போகும்முன் விரல்ரேகைப் பூட்டை அணைத்து நீண்ட கடவுஎண் மட்டும் வைப்பது இதனால்தான்: விரலைப் பிடித்து அழுத்திவிடலாம், எண்ணை அப்படி எடுக்க முடியாது.